பெலும் குகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில், ராயலசீமையின் வறண்ட சமவெளிக்கு அடியில் இருக்கும் பெலும் சுண்ணாம்புக்கல் குகையைப் பார்க்கச் செல்லும் தமிழ் வாசகர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. வழி, நேரம் போன்றவற்றை விட, உள்ளே பார்ப்பது என்ன, அது எப்படி அங்கே வந்தது என்பதற்கே இங்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களுக்கு இந்தக் குகை வண்ண விளக்குப் போட்ட நீண்ட சந்தாகவே தோன்றிவிடக்கூடும்.

குகை சரியாக எங்கே இருக்கிறது?

நந்தியால் மாவட்டம் கொலிமிகுண்ட்லா மண்டலத்தில், பெலும் என்னும் சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை இப்பகுதி கர்நூல் மாவட்டத்தில் இருந்ததால், பழைய வழிகாட்டி நூல்களிலும் பல இணையப் பக்கங்களிலும் இன்னும் கர்நூல் என்றே இருக்கும். இரண்டும் ஒரே குகைதான். பக்கத்தில் உள்ள பெரிய ஊர் தாடிபத்ரி. அங்கிருந்து சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர்.

இது இந்தியாவின் இரண்டாவது நீளமான குகை என்று எழுதியிருக்கிறார்களே, சரியா?

அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெலும் குகையின் அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். மேகாலயாவில் க்ரெம் லியாட் ப்ரா என்னும் சுண்ணாம்புக்கல் குகை 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. அதே மாநிலத்தில் பெலும் குகையை விட நீளமான வேறு பல குகைகளும் அளக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குள் இறங்கத் தலைவிளக்கும் கயிறும் பயிற்சியும் வேண்டும். படிக்கட்டும் மின்விளக்கும் அமைத்து, சாதாரணக் குடும்பங்கள் நடந்து பார்க்கும்படி திறந்துவிட்ட குகைகள் என்று எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் பெலும் முன்வரிசையில் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. மேலும், இதுபோன்ற பெரிய குகைகளை நாம் மலைச் சரிவுகளில்தான் எதிர்பார்ப்போம். இது தட்டையான வயல்வெளிக்கு அடியில் இருப்பதுதான், நீளக் கணக்கை விடச் சொல்லத் தகுந்த சிறப்பு.

குகை எப்படி உருவானது?

விடையின் பாதி நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் அலமாரித் தட்டாகவும் சமையல் மேடையாகவும் போடும் கடப்பாக்கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். கடப்பை, தாடிபத்ரி, கொலிமிகுண்ட்லா, பேதஞ்செர்லா வட்டாரங்களில்தான் அது வெட்டி எடுக்கப்பட்டு, மெருகேற்றப்பட்டு லாரி லாரியாகத் தெற்கே வருகிறது. பெலும் குகையும் இதே கல் குடும்பத்தில் குடையப்பட்டதே. கடப்பாக்கல் மேடையில் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தி, துடைக்காமல் விட்டால், மெருகு போய் வெளுத்த தழும்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புளிப்பில் உள்ள அமிலம் கல்லின் மேற்பரப்பைக் கரைத்து எடுத்துவிட்டதன் அடையாளம் அது.

மழைநீர் வானிலிருந்து விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயுவை இன்னும் அதிகமாக ஏற்றுக்கொண்டு, மிக மெல்லிய அமிலமாக மாறுகிறது. எலுமிச்சைச் சாற்றோடு ஒப்பிட்டால் இதன் வலிமை மிகக் குறைவுதான்; ஆனால் அதற்குக் கிடைக்கும் காலத்துக்கு எல்லையில்லை. அந்நீர் பாறையின் விரிசல்களிலும் படுகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளிலும் புகுந்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. விரிசல் அகலமானதும் அதிக நீர் பாய்கிறது. அதிக நீர் பாய்ந்ததும் விரிசல் மேலும் விரைவாக அகலமாகிறது. ஒரு கட்டத்தில் நிலத்தடியில் ஓர் ஓடையே ஓடத் தொடங்கி, கரைப்பதோடு அரிக்கவும் செய்கிறது. நீர்மட்டம் கீழே இறங்கிய பிறகு, அந்த ஓடை ஓடிய வழி வெற்றிடமாக எஞ்சுகிறது. இன்று நாம் நடந்து செல்வது அந்த வழியில்தான்.

கல்லின் வயதையும் குகையின் வயதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு பழங்கடலின் அடியில் படிந்தது. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் பெருகுவதற்கு முன்பே, 50 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், படிந்துவிட்டது. அதனால்தான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைப்பது போன்ற கிளிஞ்சல் புதைபடிவங்களை இங்கே தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். குகை குடையப்பட்டதோ அதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகு.

வாசல் ஏன் கிணறு போல இருக்கிறது?

அது உண்மையில் ஒரு கூரை இடிந்த இடம். நிலத்தடி வெற்றிடம் பெரிதாகி, மேலே உள்ள பாறை தன் எடையைத் தாங்க முடியாமல் உள்ளே விழும்போது, தரையில் ஒரு பள்ளம் திறக்கிறது. சுண்ணாம்புக்கல் நிலங்களில் உலகெங்கும் இத்தகைய பள்ளங்கள் உண்டு. பெலும் குகையின் மேல் இப்படிக் கிணறு போன்ற மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ளதில்தான் பார்வையாளர்களுக்கான படிக்கட்டை அமைத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் மேலே நின்று சுற்றிப் பாருங்கள்: மலை கிடையாது, பாறைமுகடு கிடையாது. இந்தப் பள்ளங்கள் மட்டும் இல்லையென்றால், உள்ளே மூன்று கிலோமீட்டர் வழி ஓடுகிறது என்று யாரும் ஊகித்திருக்க முடியாது.

உள்ளே என்னென்ன பார்க்கலாம்?

மொத்த நீளத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு, பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. வழியில் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்ப்பலகை உண்டு. நுழைந்த சிறிது தூரத்தில் தியான மந்திர் என்னும் கூடம்; படுக்கையும் தலையணையும் போன்ற கல் அமைப்பைக் காட்டி, முனிவர் ஒருவர் இங்கே தங்கியிருந்தார் என்று உள்ளூரில் சொல்வார்கள். சிங்கத்தின் தலையைப் போலத் தோன்றும் இயற்கை வளைவுக்குச் சிம்மத்துவாரம் என்று பெயர். கோடிலிங்கலு என்னும் பகுதியில் சிறிய லிங்கங்களை ஒத்த கல்வடிவங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மேலிருந்து இறங்கிய கல்விழுதும் கீழிருந்து எழுந்த கல்முளையும் ஒன்று சேர்ந்து உண்டான பெரிய தூண் ஒன்றும் அங்கே உண்டு. ஆலமரத்தின் விழுதுகளை நினைவூட்டும் கூடத்தைத் தெலுங்கில் ஊடலமர்ரி என்று அழைக்கிறார்கள். பாம்புப் படங்களைப் போல் விரிந்த கூரைக்கு ஆயிரம் படங்கள் என்று பெயர்.

பெயர்ப்பலகைகளைத் தேடித் தேடி அவற்றின் முன் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். என் கருத்தில், பெலும் குகையில் பார்க்க வேண்டியவை இரண்டு பலகைகளுக்கு இடைப்பட்ட சுவர்களே. தோள் உயரத்தில் சுவரை உற்றுப் பாருங்கள். பாறை வழவழப்பாகத் தேய்ந்து, அலை அலையாகக் குழிந்து, கிடைமட்டமாக வரிவரியாக உள்வாங்கியிருக்கும். ஓடும் நீர் விட்டுச் சென்ற தடம் இது. சுண்ணாம்புக்கல் குகைகளில் இத்தகைய சிறு குழிவுகளின் ஒரு விளிம்பு செங்குத்தாகவும் மறு விளிம்பு சரிவாகவும் இருந்தால், நீர் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் பாய்ந்தது என்பதை வல்லுநர்கள் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். செங்குத்தான பக்கம் நீர் வந்த திசையில் இருக்கும். குழிவுகள் சிறியவையாக இருந்தால் நீர் வேகமாக ஓடியது என்றும், பெரியவையாக இருந்தால் மெதுவாக ஓடியது என்றும் பொருள்.

எல்லாவற்றிலும் ஆழமான இடம் பாதாளகங்கை. நுழைவாயில் மட்டத்திலிருந்து சுமார் 46 மீட்டர் கீழே. இங்கே ஒரு சிறு நீரோடை தோன்றிப் பாறைக்குள் மறைகிறது. குகையைக் குடைந்த வேலை இன்னும் நின்றுவிடவில்லை என்பதற்கு இந்த இடம்தான் சாட்சி. ஏறி வரும்போது மூச்சு வாங்கும் என்பதால் சிலர் இதைத் தவிர்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உடல்நிலை இடங்கொடுத்தால் தவிர்க்க வேண்டாம்.

அரக்கு அருகே உள்ள போரா குகையைப் பார்த்துவிட்டோம். இதையும் பார்க்க வேண்டுமா?

இரண்டும் சுண்ணாம்புக்கல் குகைகள் என்றாலும் அனுபவம் வேறு. போரா, கிழக்குத் தொடர்ச்சி மலையில், உயர்ந்த கூரையுடைய பெருங்கூடமாக வாய் திறந்து நிற்கிறது. கல்விழுதுகளும் கல்முளைகளும் அங்கே பெரியவை. பெலும் பெரும்பாலும் கிடைமட்டமாக ஓடும் குறுகிய வழிகளின் தொகுப்பு. சில இடங்களில் கூரை தலையில் இடிக்கும், அடுத்த திருப்பத்திலேயே பெரிய மண்டபம் விரியும். அலங்காரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு போராதான் பொருத்தம். நிலத்தடி ஆறு ஓடிய பாதையில் நடக்க விரும்புகிறவர்களுக்கு பெலும்.

கல்விழுது எப்படி வளர்கிறது? சுண்ணாம்பைக் கரைக்கும் நீர் எப்படிக் கல்லை உண்டாக்கும்?

கரைத்த அதே நீர்தான் திரும்பவும் படிய வைக்கிறது. சுண்ணாம்பு கரைந்த நீர், பாறையைக் கடந்து குகையின் கூரையில் துளியாக வந்து நிற்கும்போது, அதிலுள்ள கரியமில வாயுவின் ஒரு பகுதி குகைக் காற்றுக்குள் வெளியேறுகிறது. வாயு குறைந்ததும் நீரின் கரைக்கும் திறன் குறைந்து, கொண்டுவந்த சுண்ணாம்பில் சிறிதளவு துளியின் விளிம்பில் வளையமாகப் படிகிறது. துளி விழுகிறது; அடுத்த துளி வருகிறது. வளையத்தின் மேல் வளையம் சேர்ந்து, முதலில் உள்ளே துளையுள்ள மெல்லிய குழலாக இறங்கி, துளை அடைபட்ட பிறகு பக்கவாட்டில் பருத்து விழுதாகிறது. விழுந்த துளி தரையில் சிதறும் இடத்தில் மிச்சச் சுண்ணாம்பு படிந்து முளையாக எழுகிறது. முளைகளின் தலை மழுங்கலாகவும் விழுதுகளின் நுனி கூராகவும் இருப்பதற்குக் காரணம் இந்தச் சிதறல்தான்.

வளர்ச்சி பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்கே இருக்கும். நீர் நின்றுபோனால் வளர்ச்சியும் நின்றுவிடும். ராயலசீமை மழை குறைந்த நிலம் என்பதால், பெலும் குகையில் நீங்கள் நடந்து செல்லும் வழியின் பெரும்பகுதி உலர்ந்தே காணப்படும்.

இந்தக் குகையைக் கண்டுபிடித்தவர் யார்?

உள்ளூர் மக்களுக்கு எப்போதும் தெரிந்த இடத்தை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது பொருந்தாது. எழுத்தில் பதிவுசெய்தவர் என்று கேட்டால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஆண்டு 1884. தமிழ் வாசகர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர் இவரே; பின்னாளில் ஏற்காட்டில் வாழ்ந்தார், அவருடைய அஸ்தியும் ஏற்காட்டில்தான் இருக்கிறது. பெலும் பகுதிக்கு அவர் வந்த அதே ஆண்டுகளில், பேதஞ்செர்லாவுக்கு அருகிலுள்ள பில்லசுர்கம் குகைகளில் அவருடைய மகன் ஹென்றி ஃபூட்டின் துணையோடு அகழாய்வு நடந்து, ஏராளமான விலங்கு எலும்புகள் கிடைத்தன.

அதன் பிறகு சுமார் நூறு ஆண்டுகள் பெலும் குகையை யாரும் முறையாக அளக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் டேனியல் கெபவர் என்னும் ஜெர்மானியக் குகை ஆய்வாளரின் குழு உள்ளே சென்று விரிவாக ஆராய்ந்து வரைபடம் எழுதியது. குகைக்குள் ஒரு கூடத்துக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். பிறகு ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வழிகளில் அடைந்திருந்த மண்ணையும் குப்பையையும் அகற்றி, விளக்குகளும் காற்றுவழிகளும் அமைத்து, 2002 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது.

புத்த பிட்சுகள் இங்கே வாழ்ந்தார்களா?

பௌத்தத் தடயப் பொருள்கள் குகையில் கிடைத்ததாகவும், அவை அனந்தபூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளதாகவும் சுற்றுலாக் குறிப்புகள் கூறுகின்றன. சமணர்களும் தங்கியிருந்தார்கள் என்ற செய்தியும் உண்டு. குகைக்கு வெளியே நிற்கும் பெரிய புத்தர் சிலை அண்மைக் காலத்தில் நிறுவப்பட்டது; அதைப் பழஞ்சின்னமாகக் கருத வேண்டாம்.

உள்ளே குளிர்ச்சியாக இருக்குமா?

இருக்காது, இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆழமான குகையின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே அமையும். ஐரோப்பாவின் புகழ்பெற்ற குகையான ஸ்லோவேனியாவின் போஸ்தொய்னாவில் அது சுமார் 10 டிகிரி என்பதால், பார்வையாளர்கள் கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். ராயலசீமையின் சராசரி அப்படிப்பட்டதில்லை. அதோடு குகைக்குள் காற்றின் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்கிவிடுவதால், உண்மை வெப்பநிலையை விடப் புழுக்கம் கூடுதலாகத் தெரியும். மே மாத நண்பகலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் வெயிலிலிருந்து இறங்கினால் முதல் சில நிமிடங்கள் ஆறுதலாக இருக்கும். அதன் பிறகு சட்டை நனைந்துவிடும். பருத்தி ஆடையும் வியர்வை துடைக்க ஒரு துண்டும் போதும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை செல்வது எல்லா வகையிலும் வசதி.

மூச்சுத் திணறல் ஏற்படுமா?

வெளிக்காற்றை உள்ளே அனுப்பும் குழாய்கள் வழிநெடுகிலும் உள்ளன. அவற்றின் வாய்க்கு அருகில் நின்றால் காற்று முகத்தில் படுவதை உணரலாம். கூட்டம் அதிகமான விடுமுறை நாள்களில் மனிதர்களின் மூச்சினாலேயே உட்பகுதிகளில் கரியமில வாயு கூடும் என்பதால், ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் மூடிய இடங்களில் அச்சம் கொள்பவர்களும் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அறிவுடைமை. பாதியில் திரும்ப வேண்டியிருந்தால் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

முதியவர்களும் குழந்தைகளும் வரலாமா?

படி ஏறி இறங்க முடிந்தவர்கள் வரலாம். பெரும்பாலான வழிகளில் நிமிர்ந்தே நடக்கலாம். சில இடங்களில் நன்றாகக் குனிய வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பாதாளகங்கை வேண்டாம். சக்கர நாற்காலி செல்ல வழியில்லை. ஈரமான இடங்களில் வழுக்கும் என்பதால், பிடிமானமுள்ள காலணி கட்டாயம்.

சப்தஸ்வர குகையில் கல்லைத் தட்டினால் இசை வருமாமே?

வரும். அங்குள்ள சில கல்விழுதுகளை விரல்முட்டியாலோ மரக்குச்சியாலோ தட்டினால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒலி எழும். 2006-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி இது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டி மகிழ்ந்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் தூண் சிற்பி செதுக்கியது. இது சொட்டுச் சொட்டாகப் படிந்தது. விழுது ஒருமுறை உடைந்தால், மேலே நீர் வற்றிய இடத்தில் திரும்ப வளர வழியே இல்லை. வழிகாட்டி ஒருமுறை தட்டிக் காட்டுவதைக் கேட்டுவிட்டு நகர்வதே நல்லது என்பது என் கருத்து. வரும் ஒவ்வொருவரும் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்தவே வேண்டும்.

தொடுவதும் கெடுதல்தான். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் நீர் ஒட்டாமல் வழுகிவிடுவதால், வளர்ந்துகொண்டிருக்கும் விழுதில் புதிய சுண்ணாம்பு சரியாகப் படியாது. இதில் அழகு மட்டும் பாழாவதில்லை. கல்முளைகளின் அடுக்குகளில் பழைய பருவமழையின் வரலாறு பதிந்திருக்கிறது. மேகாலயாவின் மாம்லுஹ் குகையில் எடுத்த கல்முளை ஒன்றை ஆதாரமாகக் கொண்டுதான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவியியல் காலப்பிரிவுக்கு 2018-இல் மேகாலயக் காலம் என்று உலகளவில் பெயரிட்டார்கள்.

வண்ண விளக்குகள் குகைக்குக் கேடு இல்லையா?

ஓரளவு கேடுதான். சூரிய ஒளி எட்டாத இடத்தில் பச்சைத் தாவரம் வளர முடியாது. நாம் விளக்கை வைத்ததும், பார்வையாளர்களின் காலோடும் காற்றோடும் வந்த பாசி அதைச் சுற்றி வளரத் தொடங்கிவிடுகிறது. மின்விளக்குப் போட்ட குகைகள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இது. வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளை வைப்பதும், ஆள் இல்லாத வேளையில் அணைத்துவிடுவதும் இதற்குத் தெரிந்த தீர்வுகள். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக மாற்றி மாற்றி அடிக்கும் ஒளி, கல்லின் உண்மையான கருஞ்சாம்பல் நிறத்தை மறைத்துவிடுகிறது என்பது தனிக் குறை. சாதாரண வெள்ளை ஒளியில் சுவரின் குழிவுகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சுற்றிலும் கல் வெட்டுகிறார்களே, குகைக்கு ஆபத்து உண்டா?

இந்த வட்டாரத்தின் பிழைப்பே சுண்ணாம்புக்கல்தான்: பலகைக்கல் வெட்டும் குழிகள், மெருகேற்றும் பட்டறைகள், சிமென்ட் ஆலைகள் என்று தாடிபத்ரியிலிருந்து வரும் வழியெங்கும் பார்க்கலாம். குகை இருக்கும் இடம் அரசால் காக்கப்படுகிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வேலி போட்ட எல்லைக்குள் மட்டும் குகை அடங்கிவிடுவதில்லை. நீர் எங்கிருந்து புகுகிறதோ அந்தப் பரப்பு முழுவதும் அதன் பகுதிதான். தொலைவில் தோண்டும் குழி நீரோட்டத்தைத் திருப்பக்கூடும். மேலே கொட்டும் கழிவு வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். ஆகவே குகையின் மேலுள்ள நிலத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்கும் பாதுகாப்புத்தான் உண்மையான பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் ஏன் இப்படி ஒரு குகை இல்லை?

நம் மாநிலத்தின் பெரும்பகுதி சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. மழைநீரில் அவை இப்படிக் கரைவதில்லை. கொடைக்கானலில் குணா குகை என்று அழைக்கப்படும் இடம், பாறைகளுக்கு நடுவே உள்ள ஆழமான பிளவுகளே தவிர, நீர் கரைத்துக் குடைந்த குகை இல்லை. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் உண்டு என்றாலும், அங்கே பெலும் போன்ற நீண்ட நிலத்தடி வழிகள் உருவாகவில்லை.

சென்னையிலிருந்து எப்படிச் செல்வது?

ரேணிகுண்டா, கடப்பை வழியாக மும்பை செல்லும் ரயில் பாதையில் தாடிபத்ரி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கொலிமிகுண்ட்லா வழியாகப் பேருந்து உண்டு. நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் காத்திருக்க நேரும் என்பதால், குடும்பத்தோடு செல்பவர்களுக்கு வாடகைக் காரே நிம்மதி. குகை பொதுவாகக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் சுற்றுலாக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளே சுற்றிவர ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பலத்த மழை பெய்த நாள்களில் நீர் புகும் வாய்ப்பு இருப்பதால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஒரே நாளில் வேறு எதைச் சேர்த்துப் பார்க்கலாம்?

தாடிபத்ரியில் விஜயநகரக் காலத்து புக்கா ராமலிங்கேசுவரர் கோயிலும் சிந்தல வேங்கடரமணர் கோயிலும் இருக்கின்றன. கல்வேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இவை மட்டுமே அரைநாள் பிடிக்கும். பென்னாறு பாறையை அறுத்து ஓடும் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் குகையையும் மாலை வெயில் தணிந்ததும் கண்டிக்கோட்டையையும் பார்ப்பது வசதியான வரிசை. மே மாதத்தில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஓர் ஆறுதல் உண்டு: நம் ஊர்ச் சந்தைக்கு வரும் பங்கனப்பள்ளி மாம்பழத்துக்குப் பெயர் தந்த பனகானபள்ளி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.